சொன்ன விலைக்கு ஓடிய செல்லப்பாண்டி

“இந்த வருசம் வைகை அணை ஓட்டத்துல இருபத்தொரு கிலோமீட்டரையும் என் ரெண்டு கால்ல ஓடி முடிக்கலேன்னா, இனிமே இந்தச் சந்தையில நான் பேரம் பேச மாட்டேன். சொன்ன விலையைக் குடுத்துட்டுப் போவேன். இது சத்தியம்!”

வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில், மூட்டைகளுக்கு நடுவே நின்று செல்லப்பாண்டி இப்படி அறிவித்தபோது, சந்தையே ஒரு நிமிடம் வாயடைத்துப் போனது. அதிர்ச்சியில் அல்ல, சந்தோஷத்தில். மலையிலிருந்து பூண்டு கொண்டுவரும் ஈஸ்வரபாண்டி, இந்த மனுசன் தோற்க வேண்டும் என்று அங்கேயே ஒரு மூட்டைமேல் கற்பூரம் ஏற்றப் போனார். சாக்கு பற்றிக்கொள்ளும் என்று பக்கத்துக்காரர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. செல்லப்பாண்டியிடம் பூண்டு விற்றவர்கள் பட்ட பாடு அப்படி. பத்து வயதில் இதே சந்தையில் சிந்திக் கிடந்த பூண்டைப் பொறுக்கி விற்று மேலே வந்த மனிதர். பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்காததைச் சந்தை அறைந்து சொல்லிக்கொடுத்தது. அவர் படித்தது ஒரே ஒரு பாடம்தான். எதிராளி என்ன சொன்னாலும் பாதிக்குக் கேள். மாட்டேன் என்றால் எழுந்து நட. பத்து அடிக்குள் கூப்பிடுவான். முப்பத்தாறு வருடத்தில் ஒருவரும் அவரைப் பதினோராவது அடி வைக்க விட்டதில்லை.

நடந்தே பிழைத்தவருக்கு ஓட்டம் வந்தது சர்க்கரையால். “வாசல்ல வந்து நிக்குது, இன்னும் உள்ள வரல” என்றார் டாக்டர். எதிர்வீட்டு சுந்தர்ராஜ் தேனி பஜாரில் பெயின்ட் கடை வைத்திருப்பவர், பத்து வருடமாக ஓடுகிறவர். அவர்தான் தன் ஓட்டக் குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஆறு மாதத்தில் சர்க்கரை வாசலைவிட்டு இறங்கித் தெருமுனைக்குப் போய்விட்டது. போன வருடம் வைகை அணை ஓட்டத்தில் பேரும் கொடுத்தாயிற்று.

பதினாலாவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கல் மாதிரி. ரோட்டோரம் உட்கார்ந்தவரைத் தண்ணீர் கேன் ஏற்றிவந்த குட்டியானை வண்டிதான் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது. கேன்களுக்கு நடுவே ஒரு கேன்போல அவர் அணைக்கட்டில் வந்து இறங்க, மைக்கில் இருந்தவர் பார்க்காமலே சொன்னார்: “தண்ணி வந்துருச்சு! தண்ணி வந்துருச்சு! தள்ளாம வரிசையில வாங்க!”

அன்றையிலிருந்து சந்தையில் அவர் பேர் தண்ணிக் கேன். விலை கேட்க வாயைத் திறந்தால், “கேன் மூடி தெறந்துருச்சுடோய்” என்றார்கள். அந்தக் கொதிப்பில் பிறந்ததுதான் சத்தியம்.

சத்தியம் செய்த கையோடு புது ஷூ வாங்கப் போனார். ஒரே விலைக் கடை. அங்கே யாருமே பேரம் பேசுவதில்லை. செல்லப்பாண்டி பேசினார். கடைக்காரர் அழாத குறையாக, கண்ணாடிக்குள் காட்சிக்கு வைத்திருந்த ஜோடியைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். அது எட்டாம் நம்பர். செல்லப்பாண்டியின் கால் ஒன்பது.

“விரிஞ்சு குடுக்கும்” என்றார் செல்லப்பாண்டி.

“எது, காலா?” என்றாள் சந்தனம்மாள்.

பெண்டாட்டி சொல்லைக் கேட்காமல் இரண்டு வாரம் ஓடினார். இரண்டு கால் கட்டைவிரல் நகமும் கறுத்து, ஒரு நாள் காலுறையோடு கழன்று வந்தன. சந்தனம்மாள் அவற்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

“பாதி விலைக்கு வாங்கிட்டு, ரெண்டு நகத்தை அவனுக்குக் கொசுறு குடுத்துட்டு வந்திருக்கீக.”

ஒன்பதாம் நம்பர் ஷூ வந்தது. அதை அவள்தான் போய் வாங்கினாள். என்ன விலை என்று கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

அடுத்த அடி கெண்டைக்காலிலேயே விழுந்தது. பெரியகுளம் ரோட்டில் சுந்தர்ராஜோடு மெதுவாக ஓடிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை, காலேஜில் படிப்பவள் போலிருக்கிறது, காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டே அவரை முந்திப் போனாள். அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. அது போதாதா? செல்லப்பாண்டி பாய்ந்தார். முப்பது அடி. ‘டப்’ என்று ஒரு சத்தம். யாரோ கல்லெறிந்துவிட்டார்கள் என்று நினைத்து, வலிக்கிற காலைப் பிடித்துக்கொண்டு, எறிந்தவனைத் தேடி நாலு பக்கமும் வைதார்.

“யாரும் எறியல பாண்டி, சதை கிழிஞ்சிருக்கு” என்றார் சுந்தர்ராஜ்.

பெரியகுளத்தில் கால் வைத்தியத்துக்கென்றே ஒரு பிசியோதெரபி தம்பி இருந்தார், அஜய்குமார் என்று. டோக்கன் போடுகிறேன் என்று சந்தனம்மாள் முன்னால் போய்விட்டாள். செல்லப்பாண்டி நொண்டிக்கொண்டு உள்ளே போனபோது தம்பி தயாராக உட்கார்ந்திருந்தார்.

“ஆறு வாரம் ஓடக் கூடாது சார்.”

“மூணு.”

“சார், இது தசை. காய்கறி இல்ல.”

“மூணு வாரம். அதுக்கு மேல ஒரு நாள் இருக்க மாட்டேன்.”

“குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கணும். ஒரு நாளைக்கு அறுபது தடவ.”

“முப்பது.”

“ஐஸ் ஒத்தடம், இருபது நிமிசம்.”

“பத்து. இல்லாட்டி விடுங்க தம்பி, நான் தேனியில வேற ஆளைப் பாத்துக்கிடுறேன்.” எழுந்து நடந்தார். நொண்டி நொண்டி, ஒன்று, இரண்டு, மூன்று...

“சரி சார், வாங்க” என்று ஏழாவது அடியில் கூப்பிட்டார் அஜய்குமார். “மூணு வாரம், முப்பது, பத்து. உங்களோட என்னால முடியல.”

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் செல்லப்பாண்டிக்குக் கால் தரையில் இல்லை. பைக்கில் வந்ததால் அது வசதியாகவும் இருந்தது.

“பாத்தியா சந்தனம்? வைத்தியரையே பாதிக்கு முடிச்சேன்!”

“உங்களை யாருங்க ஜெயிக்க முடியும்?” என்றாள் சந்தனம்மாள். பின்சீட்டில் இருந்ததால் அவள் முகம் அவருக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் சொன்னபடி இருந்தார். தன் பேரம் அல்லவா, மீறினால் மரியாதை என்ன? முப்பது தடவை குதிகால் தூக்கினார். பத்து நிமிடம் ஐஸ் வைத்தார். ஐஸுக்கு மேல் தன் சொந்த வைத்தியமாகப் பூண்டு காய்ச்சிய எண்ணெயும் தேய்த்தார். சந்தனம்மாள் பாயைப் பக்கத்து அறைக்கு மாற்றிக்கொண்டாள்.

மறுபடி ஓடப் போன முதல் நாள் இரண்டு கிலோமீட்டரில் மூச்சு வாங்கியது. காலில் வலியில்லை. ஆனால் மனசு நொண்டியது. முன்னே பத்து கிலோமீட்டரைச் சாதாரணமாக ஓடிய மனிதர். இப்போது பால் கேன் கட்டிய சைக்கிளெல்லாம் மணியடித்து ஒதுங்கச் சொல்கிறது. ஒரு பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தார். ஓட்டத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. ஈஸ்வரபாண்டியின் கற்பூரம் கண்முன்னே எரிந்தது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி வாசலில் எறிந்தார்.

“முடிஞ்சுது. இனி ஒரு நாள்கூட ஓட மாட்டேன். சந்தையில சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போறான். நாப்பத்தாறு வயசுல எனக்கு எதுக்கு இந்த எழவு?”

சந்தனம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அந்தத் தம்பி என்னமோ வாரத்துக்கு ஆறு நாள் ஓடணும்னுல்ல சொல்லியிருக்காக” என்றாள், கீரையிடம்.

“ஆறு நாளா? யாரைக் கேட்டுச் சொன்னான்? மூணு நாளைக்கு மேல ஒரு நாள் ஓட மாட்டேன், சொல்லிரு!”

“ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டராம்.”

“அஞ்சு! அஞ்சுக்கு மேல ஒரு அடி வைக்க மாட்டேன்!”

“ஏங்க, கொஞ்சம் பாத்துப் போட்டுச் சொல்லுங்க. ஏழுன்னாலும்...”

“அஞ்சுன்னா அஞ்சு!”

“என்னமோ போங்க” என்று பெருமூச்சு விட்டாள். செல்லப்பாண்டி ஜெயித்த மிடுக்கோடு வாசலுக்குப் போய் ஷூவை எடுத்துத் தூசி தட்டி வைத்தார். தான் ஓடவே மாட்டேன் என்று சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை.

வாரம் மூன்று நாள், நாளைக்கு ஐந்து. பிறகு பதினாறு கேட்டதற்கு எட்டு. பிறகு இருபத்தாறு கேட்டதற்குப் பதிமூன்று. “இருபத்தாறா? என்ன, கம்பம் வரைக்கும் போயிட்டு வரச் சொல்றானா?” என்று கத்திவிட்டுப் பதிமூன்றை அலட்சியமாக ஓடினார். கால் தாங்கியது. பூண்டு எண்ணெயும் தன் பங்குக்கு உதவியது. அவர் பின்னால் ஓடுகிறவர்கள் அந்த வாடை தாங்காமல் எப்படியாவது முந்திவிட வேண்டும் என்று வெறியோடு ஓடியதில் மொத்தக் குழுவுமே வேகமாகிவிட்டது என்றார் சுந்தர்ராஜ்.

ஓட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, கடைசியாக ஒரு தடவை காலைக் காட்ட அஜய்குமாரிடம் தனியாகப் போனார். காலை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த தம்பியை உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். மேஜைமேல் செல்லப்பாண்டியின் அட்டை. சும்மா இருக்கிற கை சும்மா இருக்குமா? திருப்பிப் பார்த்தார்.

அட்டையின் பின்னால் பென்சிலில் இரண்டு வரிசை. ஒன்றின் தலையில் ‘வேண்டியது’. மற்றதன் தலையில் ‘சொல்ல வேண்டியது’.

ஓய்வு: மூன்று வாரம். ஆறு வாரம்.
குதிகால்: முப்பது. அறுபது.
ஐஸ்: பத்து. இருபது.
ஓட்டம்: மூன்று நாள். ஆறு நாள்.

கடைசியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு: ‘ஏழு அடி நடந்ததும் கூப்பிடவும். அம்மா சொன்னது.’

முப்பத்தாறு வருடத் தொழில். சந்தையில் ஒரு பயல் இந்தச் சூத்திரத்தைக் கண்டுபிடித்ததில்லை. கண்டுபிடித்தவள் வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்!

வீட்டுக்கு வந்தபோது அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு சுந்தர்ராஜ் சட்டையில்லாமலே வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்.

“என்னையே ஏமாத்திட்டியே! செல்லப்பாண்டியை! விலையை ஏத்திச் சொல்லி ஏமாத்திட்டியே!”

“மெதுவாப் பேசுங்க, தெருவே பாக்குது.”

“பாக்கட்டும்! எனக்குத் தெரியாம அவன்கிட்ட என்னத்தச் சொன்னே?”

“நெசத்தைத்தான் சொன்னேன். ‘தம்பி, நீங்க என்ன சொன்னாலும் எங்க வீட்டுக்காரு பாதிதான் செய்வாக. மூணு வாரம்னு சொன்னா ஒன்றரை வாரத்துல ஓடிக் காலை மறுபடி கிழிச்சுட்டு வருவாக. அதனால ரெட்டிப்பாச் சொல்லுங்க’ன்னேன். பாதி ஓய்வுல நொண்டியாகி, போன வருசம் மாதிரி கேனோட கேனா வந்து எறங்கியிருப்பீக. அது சம்மதமா?”

செல்லப்பாண்டி மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டால் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். சத்தியம் செய்தார்.

“சுந்தர்ராஜ், நீயே சாட்சி! இந்த நிமிசத்துலருந்து இவகிட்ட நான் பேரமே பேசப் போறதில்ல. இவ என்ன சொல்றாளோ, அதைச் சொன்னபடி முழுசாச் செய்வேன். ஒரு நூல் குறைக்க மாட்டேன். இப்ப என்னத்தை ரெட்டிப்பாச் சொல்லுவே? சொல்லு பாப்போம்!”

சந்தனம்மாள் முகம் வெளுத்தது. அல்லது அப்படித்தான் செல்லப்பாண்டிக்குத் தெரிந்தது.

“ஐயையோ, அப்படிச் செஞ்சிராதீக. அப்புறம் எது சொன்னாலும் நான் யோசிச்சு நெசமால்ல சொல்லணும்.”

“யோசி! நல்லா யோசி!” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார் செல்லப்பாண்டி. சுந்தர்ராஜ் என்னவோ சொல்ல வாயெடுத்து, சந்தனம்மாளைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

ஓட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் யோசித்து முடித்திருந்தாள்.

“நாலு நிமிசம் ஓட்டம், ஒரு நிமிசம் நடை. மொத கிலோமீட்டர்லருந்து கடைசி வரைக்கும். பதினெட்டு தாண்டுற வரைக்கும் ஒருத்தரையும் வேணும்னு முந்தக் கூடாது. தம்பி சொன்னதை ஒண்ணும் கூட்டல.”

நடையா? ஊர் பார்க்கவா? ‘எட்டு நிமிசம் ஓட்டம், அரை நிமிசம் நடை’ என்று நாக்கு நுனிவரை வந்தது. செல்லப்பாண்டி பல்லைக் கடித்துக்கொண்டார்.

“சரி. அப்படியே செய்றேன். ஒரு நூல் குறையாது!”

ஞாயிற்றுக்கிழமை விடியலில் வைகை அணையில் முந்நூறு பேர் கிளம்பினார்கள். சுந்தர்ராஜ் விட்டால் போதும் என்று பறந்தார். ஒன்பது மணி ஆராதனைக்குச் சர்ச்சில் இருக்க வேண்டும், பாவம். செல்லப்பாண்டி நாலு நிமிடம் ஓடினார். கைக்கடிகாரம் கத்தியது. நடந்தார். அறுபது வயதுக்காரர் முந்தினார். பள்ளிப் பிள்ளைகள் முந்தினார்கள். பெரியகுளம் ரோட்டில் பார்த்த அதே காலேஜ் பெண் முந்தியபோது மட்டும் அவர் உடம்பு முழுக்க ஒரு தடவை துடித்தது. ‘பாய்ஞ்சா சந்தனம் ஜெயிச்சா. நடந்தா நான் ஜெயிச்சேன்’ என்று தனக்கே சொல்லிக்கொண்டார். உலகத்தில் வேறு யாரும் பழிவாங்குவதற்காக நடந்திருக்க மாட்டார்கள்.

பதினாலாவது கிலோமீட்டர் வந்தது. கெண்டைக்கால் லேசாகச் சுண்டியது. சரியாக அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு ஹாரன் சத்தம். அதே குட்டியானை, அதே டிரைவர்.

“அண்ணே, ஏறிக்கிடுறீகளா? போன வருசத்து எடம் காலியாத்தான் இருக்கு.”

“உன் வண்டியில டயர் இருக்கும்போதே ஓடிப் போயிரு!” என்றார் செல்லப்பாண்டி. கோபத்தில் நாலு நிமிடம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. கடிகாரம் கத்தியது. நடந்தார். சுண்டுவது நின்றது.

பதினேழில் அந்த அறுபது வயதுக்காரர் உட்கார்ந்திருந்தார். பதினெட்டைத் தாண்டியதும் வேகமாய்ப் போன பள்ளிப் பிள்ளைகள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். செல்லப்பாண்டி நாலு நிமிடம் ஓடினார், ஒரு நிமிடம் நடந்தார். யாரையும் முந்தவில்லை. அவர்களாகவே பின்னால் போனார்கள்.

மூன்று மணி நேரம் எட்டு நிமிடத்தில், தன் சொந்த இரண்டு காலில், அவர் கோட்டைத் தாண்டினார். பக்கத்தில் எந்தக் கேனும் இல்லை. பேருந்து பிடித்து வேடிக்கை பார்க்க வந்திருந்த சந்தைக் கூட்டத்தில் ஈஸ்வரபாண்டி தலையில் கைவைத்துக்கொண்டார்.

“போச்சுய்யா. இனிச் செத்தாலும் பாதி விலைக்குத்தான் கேப்பான்.”

சந்தனம்மாள் இளநீரோடு வந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததைச் செல்லப்பாண்டி பார்த்தார். பார்த்ததும் வியர்வையைத் துடைப்பதுபோல் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அதை மறைக்கத்தான் சத்தம் போட்டுப் பேசினார்.

“பாத்தியா? சொன்னதைச் சொன்னபடி செஞ்சேன்! ஒரு நிமிசம் குறைச்சேனா? பேரம் பேசினேனா? ஆம்பளை சொல்லுன்னா இதான் சொல்லு! சந்தைக்காரங்க எல்லாரும் கேட்டுக்கங்கய்யா, என் பொண்டாட்டி ஒண்ணு சொன்னா எனக்கு அதுதான் கடைசி விலை!”

கூட்டம் கை தட்டியது.

“அப்படியாங்க?” என்றாள் சந்தனம்மாள். “அப்ப ஒண்ணு கேக்கட்டுமா? கெங்குவார்பட்டியில எங்க அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. சாயங்காலம் கெளம்பிப் போயி ஒரு பத்து நாள் இருந்துட்டு வாரேன்.”

செல்லப்பாண்டிக்கு இளநீர் புரையேறியது. வீட்டில் அவருக்குத் தெரிந்த சமையல் வெந்நீர். அதுவும் யாராவது அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தால். “அஞ்...” என்று வாய் திறந்தது. சுற்றிப் பார்த்தார். ஈஸ்வரபாண்டி பல்லெல்லாம் தெரிய முன்னால் வந்து நின்றார். சந்தையே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எழுந்து பத்து அடி நடக்கலாம் என்றால் கால் இரண்டும் கட்டை.

“சரி” என்றார் செல்லப்பாண்டி. “பத்து நாள். போயிட்டு வா.”

சந்தனம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நீங்க பாதியாக் குறைப்பீகன்னு நெனச்சு அஞ்சு நாளைக்குத்தாங்க துணி எடுத்து வச்சிருக்கேன். பரவாயில்ல, அக்கா வீட்டுலயே துவைச்சுப் போட்டுக்கிடுறேன்.”